பதிமூன்று வயதிலும் வாசிப்பு வரவில்லையா? திட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் மண்டபத்தில் வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்தரைக்கு மேல், பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்க வைக்கிறேன். பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் நான் டீச்சர் இல்லை. பகலில் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பிலிருந்து மூன்றாம் ஆண்டான படிவம் மூன்று வரை, முக்கால்வாசிப் பேர் பையன்கள், எல்லோருமே யாரோ ஒருவர் இழுத்துக்கொண்டு வந்து விட்டவர்கள்தான். கொண்டுவந்து விடுகிற அம்மாக்கள் சொல்வதும் அநேகமாக ஒரே வாசகம்: "இவனுக்குப் படிக்கிறதுல ஆர்வமே இல்ல டீச்சர், போனைக் குடுத்தா மட்டும் நாலு மணி நேரம் அசையாம உட்காருவான்."

ஆர்வம் இல்லை என்ற இந்தப் பேச்சை நான் இப்போதெல்லாம் அப்படியே நம்புவதில்லை. ஆறு ஏழு வருஷமாக வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும்போதெல்லாம் தடுக்கி, பின் வரிசையில் யாரோ சிரித்து, அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். தெரியாது என்று சொல்வதைவிடப் பிடிக்காது என்று சொல்லிவிடுவது அவனுக்கு மானம். முதலில் ஆர்வத்தை உண்டாக்கிவிட்டு அப்புறம் வாசிக்க வைக்கலாம் என்று காத்திருந்தால் படிவம் ஐந்தில் எழுதுகிற எஸ்பிஎம் தேர்வே வந்துவிடும். ஒரு பத்தி உண்மையாகப் புரிந்துவிட்டால் ஆர்வம் தானாக ஒரு அங்குலம் நகர்கிறது, அந்த ஒரு அங்குலத்துக்காகத்தான் கீழே சொல்கிற எல்லாமும்.

முதலில் எங்கே அடைப்பு என்று பாருங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் பைப்பை மாற்ற மாட்டோம் அல்லவா? இதற்கும் அப்படித்தான். பத்து நிமிஷம் போதும், ஆனால் பிள்ளையும் நீங்களும் மட்டும் இருக்க வேண்டும். தம்பி தங்கை, அடுத்த வீட்டுப் பையன் யாரும் பக்கத்தில் கூடாது.

பத்திரிகையிலிருந்து ஏறக்குறைய நூறு சொல் உள்ள ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம், தடுக்குகிற இடத்தில் உங்கள் தாளில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். நூறில் பத்துக்கு மேல் கோடு விழுந்தால் அந்தப் பகுதி அவனுக்குக் கனம். வாசித்து முடித்ததும் "என்னப்பா சொல்லியிருக்கு இதுல?" என்று கேளுங்கள், அவன் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, அதே அளவு கடினமான இன்னொரு செய்தியை நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள்.

காதால் கேட்டதை அழகாகச் சொல்கிறான், கண்ணால் வாசித்தது மட்டும் ஏறவில்லை என்றால், அடைப்பு எழுத்தில் இருக்கிறது. கேட்டதும் புரியவில்லை, வாசித்ததும் புரியவில்லை, ஆனால் வாசிப்பு மட்டும் தடதடவென்று ஓடுகிறது என்றால், அடைப்பு சொல்லிலும் விஷயத்திலும் இருக்கிறது. இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகள்தான் அதிகம் ஏமாற்றுவார்கள், சரளமாக வாசிப்பதால் எல்லாரும் நன்றாகப் படிக்கிறான் என்று நினைத்துவிடுவோம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைப் படிக்கிற திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்கிற திறன், அதன் விடைதான் வாசிப்பு. பெருக்கல் என்பதுதான் இதில் விஷயம். ஒரு பக்கம் பூஜ்யமாக இருந்தால் மறுபக்கம் எவ்வளவு இருந்தும் விடை பூஜ்யம்தான்.

இந்தச் சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதை நான் தவறவிட்டு வெட்கப்பட்டிருக்கிறேன். ஒரு பையன் எப்போதும் வரி மாறி வாசிப்பான், அரை மணி நேரத்தில் தலைவலி என்பான், சாக்குச் சொல்கிறான் என்று நினைத்து ஏறக்குறைய ஒரு வருஷம் அவனை அதட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் கண்ணில் பவர். கண்ணாடி போட்ட முதல் நாள் மண்டபத்துச் சுவரில் இருந்த உபயதாரர் பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்துக்கொண்டு நின்றான். அதனால் முதலில் கண், அப்புறம் காது. எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன, எவ்வளவு பழகினாலும் அதே சொல் மறுநாள் புதிதாகவே தெரிகிறது என்றால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது, அரசாங்கக் கிளினிக்கில் சொல்லிப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். பதிமூன்று வயதாகிவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

விடை சரி, ஆனால் புரியவில்லை

நம் பிள்ளைகள் கருத்துணர்தல், அதாவது ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கிற கேள்விகளுக்கு விடை எழுதுவதில் கில்லாடிகள். எப்படி என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. இதைப் பாருங்கள்:

"வெளுமன் நேற்று மிளவத்தில் கிளிமத்தைப் பிசுவினான்."

'நேற்று' தவிர ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கிடையாது, நானே உட்கார்ந்து கட்டிய வாக்கியம். இப்போது கேள்வி: வெளுமன் எதைப் பிசுவினான்? கிளிமத்தை. எங்கே பிசுவினான்? மிளவத்தில். எப்போது? நேற்று. மூன்றுக்கு மூன்று. தமிழில் வேற்றுமை உருபு விடையைக் கையில் கொடுத்துவிடுகிறது, 'எதை' என்று கேட்டால் 'ஐ' முடிவைத் தேடு, 'எங்கே' என்று கேட்டால் 'இல்' முடிவைத் தேடு, அவ்வளவுதான். பிள்ளை ஆறு வருஷமாக இந்த வித்தையை வைத்தே பிழைத்துக்கொண்டிருக்கிறான். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் "ஏன்", "நீ என்ன நினைக்கிறாய்", "இப்படி நடக்காமல் இருந்திருந்தால்" என்று உயர்தரச் சிந்தனைக் கேள்விகள் வரும்போது வித்தை வேலை செய்யாது, அன்றைக்குத்தான் எல்லாரும் திடீரென்று விழித்துக்கொண்டு "நல்லாத்தானே படிச்சான்" என்கிறோம். ஆறாம் ஆண்டில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் போனது, படிவம் மூன்றில் எழுதிய பிடி3 தேர்வு 2022இல் போனது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பொதுத்தேர்வு வந்து காட்டிக்கொடுக்கும் என்று காத்திருந்த பெற்றோர் இனி தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2018இல் பிசா என்ற அனைத்துலகச் சோதனையில் நம் நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வாசிப்புப் புள்ளி 415, 2022இல் 388. அதனால் உங்கள் பிள்ளை மட்டும்தான் இப்படி என்று நினைத்து மனம் உடைய வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. விடை பத்தியிலேயே இருக்கிற கேள்விகளை விட்டுவிடுங்கள். "இதுல எதை உன்னால நம்ப முடியல?", "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?", "இதை எழுதினவரு எதைச் சொல்லாம விட்டுட்டாரு?" இப்படிக் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் "தெரியல" என்றுதான் வரும். விடாதீர்கள், ஆனால் விரட்டாதீர்கள். நான் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். அந்தப் பத்து எண்ணுவதற்குள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

எழுத்திலேயே தடுக்குகிறவனுக்கு

பதிமூன்று வயதுப் பையன் கையில் யானை படம் போட்ட முதலாம் ஆண்டுப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அன்றோடு அவன் வரமாட்டான். எளிய புத்தகம் தேவை, ஆனால் அதை வாசிக்க அவனுக்கு மரியாதையான ஒரு காரணம் இருக்க வேண்டும். நான் கண்டுபிடித்த காரணம் சின்னப் பிள்ளைகள்தான். எங்கள் மண்டபத்துக்கு இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பொடிசுகளும் வரும். பெரிய பையனிடம் "தம்பி, வெள்ளிக்கிழமை இந்தக் கதையை நீதான் இதுங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்" என்று திங்கட்கிழமையே கொடுத்துவிடுவேன். நாலு நாளும் ஒளிந்து ஒளிந்து வாசித்துப் பழகுவான், வெள்ளிக்கிழமை பொடிசுகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து "அண்ணே, இன்னொரு தடவை" என்று கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வேகமும் கூடும், தடுக்கலும் குறையும் என்று சாமுவேல்ஸ் என்பவர் 1979இலேயே எழுதிவைத்திருக்கிறார், அதற்காகத்தான் இந்த வெள்ளிக்கிழமைத் தந்திரம். பொடிசுகள் கிடைக்காவிட்டால் போன் இருக்கிறதே. வாசித்ததைப் பதிவு செய்து வாட்சப்பில் பாட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது பதிவுக்கும் முதல் பதிவுக்கும் உள்ள வித்தியாசத்தை அவனே கேட்பான்.

தமிழில் தனித்தனி எழுத்து தெரிந்தும் நீளமான சொல்லில் மூச்சு வாங்குகிற பிள்ளைகள் நிறைய. பென்சிலால் வெட்டிக் கொடுங்கள். "வந்துகொண்டிருந்தபோதுதான்" என்பதை வந்து / கொண்டு / இருந்த / போது / தான் என்று கோடு போட்டால் ஐந்தும் அவனுக்குத் தெரிந்த சொற்கள்தான். முதல் வாரம் நீங்கள் வெட்டுங்கள், இரண்டாம் வாரம் அவன் வெட்டட்டும், மூன்றாம் வாரத்தில் கண்ணாலேயே வெட்டப் பழகிவிடுவான். அப்புறம் கொம்பும் காலும்: கெ, கே, கொ, கோ, கௌ ஐந்தும் குழம்புகிறவர்கள் படிவம் இரண்டிலும் உண்டு. கொம்பை எழுத்துக்கு முன்னால் எழுதுகிறோம், சத்தமோ பின்னால் வருகிறது, குழம்பாமல் என்ன செய்யும்? இதற்கென்று தனி வகுப்பு எடுக்காதீர்கள், பாடத்தில் வருகிற இடத்தில் வட்டம் போட்டு ஒரு நிமிஷம் பேசிவிட்டு நகருங்கள்.

வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

சரளமாக வாசித்தும் புரியாத பிள்ளைக்கு அநேகமாக இடறுவது பெரிய பெரிய சொற்கள் இல்லை. ஆயினும், எனவே, மாறாக, இருப்பினும், போதிலும், அன்றி. இந்தச் சின்னச் சொற்கள்தான். நாம் யாரும் வீட்டில் 'ஆயினும்' என்று பேசுவதில்லை, பிள்ளை அதை எங்கே கேட்டிருப்பான்?

ஒருநாள் ஒரு பத்தியில் "மழை பெய்தபோதிலும் தொழிலாளர்கள் வேலைக்குச் சென்றனர்" என்று வந்தது. படிவம் ஒன்று படிக்கிற பையன், அழகாக வாசித்தான். வீட்டுத் தமிழில் சொல்லு என்றேன்.

"மழ பேஞ்சதால வேலைக்குப் போனாங்க."

தப்பு என்று சொல்லவில்லை. "உங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்கதானே? மழை வந்தா வேலை உண்டா?" என்று கேட்டேன்.

"கிடையாது டீச்சர். பால் மங்குல தண்ணி பூந்துரும், எல்லாம் வீணாப் போயிரும்."

"அப்ப இவங்க?"

கொஞ்ச நேரம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலை 'போதிலும்' மேல் வைத்தான். "மழ பேஞ்சும் போயிருக்காங்க. அப்ப இது பால்மரத் தோட்டம் இல்ல, செம்பனையா இருக்கும்." பத்தியில் எந்த மரம் என்று எங்குமே சொல்லவில்லை. அவனே ஊகித்தான். பள்ளியில் இவனுக்குக் கருத்துணர்தலில் சிவப்பு மார்க்.

வீட்டுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லும் இந்த விளையாட்டைத் தினமும் ஐந்து வாக்கியம் விளையாடினால் போதும். எழுத்துத் தமிழ் ஒரு வரி, அதையே வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று ஒரு வரி. அப்புறம் திருப்பி: அவன் பேசுகிற ஒரு வாக்கியத்தைப் பத்திரிகைக்காரர் எழுதினால் எப்படி எழுதுவார்? பையன்களுக்கு இதில் குஷி அதிகம். "டேய் மச்சான், மோட்டார் பஞ்சர்டா" என்பதை "நண்பரே, மோட்டார் சைக்கிளின் சக்கரம் பழுதாகிவிட்டது" என்று செய்தி வாசிக்கிற குரலில் சொல்லி மண்டபமே சிரித்தது ஒருநாள். பாட்டிமாருக்கு எழுத்துத் தமிழ் தெரியாவிட்டாலும் இந்த விளையாட்டில் அவர்கள் நடுவராக இருக்கலாம்.

எதை வாசிக்கக் கொடுப்பது

அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் ஒரு சோதனை செய்தார்கள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட அதிகமாகப் புரிந்துகொண்டு நினைவிலும் வைத்திருந்தார்கள். மேலே நம் பையன் செம்பனையைக் கண்டுபிடித்தானே, அதே கதைதான்.

ஆகவே தொடக்கத்தில் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த உலகத்திலிருந்து கொடுங்கள். பனிக்கட்டி உருகுவதைப் பற்றியும் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றியும் அப்புறம் வாசிக்கலாம். மோட்டார் எஞ்சின் ஆயில் மாற்றுவது எப்படி, மொபைல் லெஜண்ட்ஸ் என்ற போன் விளையாட்டில் ஒரு ஹீரோவின் பலமும் பலவீனமும், நேற்றைய பந்து விளையாட்டு, செம்பனைக் குலை வெட்டிய பிறகு ஏன் சீக்கிரம் ஆலைக்குப் போயாக வேண்டும் என்பது (வைத்துவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், எங்கள் எடைச் சீட்டில் நேரம் எழுதுவது அதற்கும் சேர்த்துத்தான்). கிடைக்காவிட்டால் நானே அரைப் பக்கம் எழுதிவிடுவேன். பெண் பிள்ளைகளுக்கும் இதுவே, ஆனால் அவர்களுக்குச் சமையலும் கோலமும்தான் பிடிக்கும் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. ஸ்குவாஷ் ஆட்டக்காரர் சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் சிக்கிப் படுத்தவர், 2024இல் லண்டனில் பட்டம் வென்றார், அந்தச் செய்தியை எங்கள் மண்டபத்தில் மூன்று பெண்கள் மாறி மாறி வாசித்துவிட்டு, இடையில் அந்த இரண்டு வருஷம் என்னதான் செய்தார் என்று இன்னும் தேடிப் படித்தார்கள்.

எல்லாவற்றையும்விட ஓடியது எங்கள் ஊர்க் கதைதான். 1948 ஜூன் 16 காலையில் இங்கே எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு, அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. சரித்திரப் புத்தகத்தில் இரண்டு வரியாக இருப்பது நம் ஊர் என்று தெரிந்ததும் பையன்கள் கேட்ட கேள்விகள் கொஞ்சநஞ்சம் இல்லை. அதிலிருந்து பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலுக்குப் போனோம், நம் ஊர்க்காரரான, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர்களையே தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆக்கியதற்குப் போனோம், அரைப் பக்கத்தில் தொடங்கியது ஆறு பக்கம் ஆகிவிட்டது. உங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று இருக்கும். லயத்தில் இருந்த பெரியவர்களிடம் பிள்ளைகளையே அனுப்பிக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள், அவர்களே எழுதியதை அவர்களே வாசிக்கட்டும்.

காசு கொடுத்து வாசிக்க வைத்த கதை

ஒரு பள்ளி விடுமுறையில் புத்தகம் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) என்று அறிவித்தேன். என் புத்திக்கு எட்டிய பெரிய திட்டம். முதல் வாரத்திலேயே மண்டபத்து அலமாரியில் இருந்த மெல்லிய புத்தகங்கள் எல்லாம் காணாமல் போயின, தடித்த புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை, சுருக்கம் எழுதிக் கொண்டுவந்ததில் நாலு பேருடையது எழுத்துப்பிழை உட்பட ஒன்றுபோல இருந்தது. பணம் தீர்ந்ததும் வாசிப்பும் தீர்ந்தது. பின்னால்தான் தெரிந்துகொண்டேன், 1973இலேயே லெப்பரும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்திருக்கிறார்கள்: படம் வரையப் பிடித்த சின்னப் பிள்ளைகளிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பிறகு அந்தப் பிள்ளைகள் தாங்களாக வரைவது குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த பிள்ளைகளுக்கு அப்படிக் குறையவில்லை. இப்போது நான் எப்போதாவது திடீரென்று எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுப்பதோடு சரி.

காசுக்குப் பதில் என்ன? தேர்வு அவன் கையில் இருக்க வேண்டும், ஆனால் மொத்த அலமாரியையும் காட்டி "எது வேணுமோ எடு" என்றால் திகைத்துவிடுவான், மூன்றை எடுத்து வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஐந்தாம் பக்கத்தில் மூடிவிடலாம் என்ற உரிமையும் உண்டு. பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று சொல்லாதீர்கள், அடுத்த முறை தடுக்கினால் கெட்டிக்காரப் பட்டம் போய்விடுமே என்று பயந்து கஷ்டமானதைத் தொடவே மாட்டான். "அந்தச் சொல் வராதப்ப திரும்ப முதல்லேருந்து வாசிச்ச பாரு, அதுதான்" என்று அவன் செய்த காரியத்தைச் சொல்லுங்கள். ஒப்பிடாதீர்கள். பெரியம்மா மகன் யூனிவர்சிட்டி போனதை வாசிப்பு நேரத்தில் இழுத்தீர்கள் என்றால் அன்றைய வகுப்பு அத்தோடு சரி.

ஆமாம், வயிறு. விடிவதற்கு முன் எழுந்து பள்ளி பஸ் ஏறின பிள்ளை, அப்பா அம்மா இருவரும் ஃபேக்டரி ஷிப்டில். மாலையில் ஒரு கப் மைலோவும் நாலு பிஸ்கட்டும் கொடுக்காமல் கருத்துணர்தல் பேசுவதில் பயன் இல்லை.

நாலு பேர் விளையாட்டு

பாலின்சார், பிரவுன் என்ற இரண்டு அம்மணிகள் 1984இல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்த முறை இது. அந்தப் பிள்ளைகளும் நம்மவர்களைப் போலவே, எழுத்து வாசிப்பார்கள், புரியாது. முறை எளிது. ஒரு பத்தி வாசித்ததும் நாலு வேலை: சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு பிள்ளைகள் மாறி மாறி ஆசிரியர் ஆவார்கள்.

நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். சுருக்குகிறவர், வகுப்புக்கு வராத ஒரு கூட்டாளிக்கு வாட்சப்பில் இருபது சொல்லுக்குள் அனுப்புவதுபோலச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கிறவர் 'ஏன்', 'எப்படி' தவிர வேறு கேள்வி கேட்கக் கூடாது. தெளிவாக்குகிறவர் தனக்குப் புரியாத ஒரு சொல்லையாவது காட்டியே ஆக வேண்டும், எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் ஆட்டம் இழப்பு. இந்த விதி முக்கியம். புரியவில்லை என்று ஒத்துக்கொள்வதை வாழ்நாள் முழுக்க மறைத்து வந்த பிள்ளைக்கு, புரியவில்லை என்று சொன்னால்தான் புள்ளி என்றால் எவ்வளவு நிம்மதி பாருங்கள். ஊகிக்கிறவர் தப்பாக ஊகித்தாலும் பரவாயில்லை, காரணம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று வகுப்பு சந்தைக்கடைதான். விட்டுவிடுங்கள், பழகிவிடுவார்கள். பத்தியும் சின்னதாக இருக்கட்டும், ஆறேழு வரி.

கடைசியில் மலாய்ப் பாடநூல்

தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிற பிள்ளைக்கு இடைநிலைப் பள்ளியில் சரித்திரம், புவியியல் எல்லாம் மலாயில். தமிழில் பழகிய எல்லாமே அங்கேயும் செல்லும்: வெட்டிப் படிப்பது, சுருக்குவது, ஊகிப்பது. மலாய்க்கென்று கூடுதலாக ஒன்றுதான், வேர்ச்சொல். 'தூலிஸ்' என்றால் எழுது. 'மெனூலிஸ்' எழுதுவது, 'பெனூலிஸ்' எழுத்தாளர், 'தூலிசான்' எழுத்து. பிள்ளை அகராதியில் 'மெனூலிஸ்' என்று 'ம'வில் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று மூடிவிடுவான், உள்ளே ஒரு 'த' காணாமல் போயிருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சரித்திரத்தில் இன்னும் வம்பு: 'மென்ஜாஜா' என்றால் நாட்டைப் பிடித்து ஆண்டார்கள், 'டிஜாஜா' என்றால் ஆளப்பட்டார்கள். இந்த ஒரு முன்னொட்டு மாறினால் யார் யாரை ஆண்டார்கள் என்பதே தலைகீழ். படிவம் இரண்டுப் பையன் ஒருவன் நாம்தான் பிரிட்டிஷ்காரர்களை ஆண்டோம் என்று எழுதி வைத்திருந்தான், படித்துவிட்டு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு வேர்ச்சொல், நடுவில் எழுதிச் சுற்றிலும் அதன் பிள்ளைகள், வாரத்துக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். பாடநூலில் ஒரு தலைப்பைத் தொடும் முன் படங்களையும் படத்துக்குக் கீழே உள்ள வரிகளையும் முதலில் பார்த்து, இதில் என்ன வரப்போகிறது என்று தமிழிலேயே ஐந்து நிமிஷம் பேசுங்கள். மலாய்ப் பாடத்தைத் தமிழில் பேசினால் மலாய் கெட்டுவிடும் என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். கெடாது. விஷயம் தமிழில் புரிந்திருந்தால் மலாயில் சொல்லை மட்டும் தேடினால் போதும், இல்லையென்றால் இரண்டையும் ஒன்றாகத் தேட வேண்டும்.

நாளுக்குப் பதினைந்து நிமிஷம், வாரத்துக்கு நாலு நாள். அதற்கு மேல் இழுக்காதீர்கள், அவன் "இன்னும் ஒரு பக்கம்" என்று கேட்டாலும் சில நாள் வேண்டுமென்றே மூடி வைத்துவிடுவேன் நான். போன வாரம் அப்படி மூடி வைத்த எல்பில் தோட்டத்துத் தாள்களை ஒருவன் சட்டைக்குள் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான், இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.